அழைப்புக் கடிதம் கொடுத்தவர் மாட்டிக்கொள்வாரா?

கனடாவில் இருக்கும் அக்கா கடிதம் எழுதித் தம்பியைக் கூப்பிடுகிறார். தம்பி விசிற்றர் விசாவில் வந்து இறங்குகிறார். கலியாணம் நன்றாக நடந்து முடிகிறது. நயாகரா பார்த்தாயிற்று, சொந்தக்காரர் வீடுகளில் விருந்தும் முடிந்தது. திரும்பிப் போகும் திகதி நெருங்கும்போதுதான் தம்பி வாயைத் திறக்கிறார்: "நான் போகேல்லை அக்கா. இங்க கேஸ் குடுக்கப்போறன்."

கேஸ் என்றால் அகதிக் கோரிக்கை. இதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எனக்கு ஒரு போன் வரும். பல வருடமாக ரொறன்ரோவின் ஸ்காபரோவில் குடிவரவு லோயர்மாரின் அலுவலகங்களில் மொழிபெயர்ப்புச் செய்கிறேன். நான் லோயர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்த ஆள், தமிழில் கேட்கலாம் என்பதால் கேட்கிறார்கள். "கடிதம் குடுத்தது நான். என்ரை சிற்றிசனுக்கு ஏதும் பிரச்சினை வருமோ? அவன்ரை செலவை அரசாங்கம் என்னட்டைக் கேட்குமோ? சொல்லுங்கோ."

வராது. கேட்காது. இதைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அழைப்புக் கடிதம் எழுதியவர், வந்தவர் கனடாவுக்குள் வந்தபின் செய்கிற எதற்கும் சட்டப்படி பொறுப்பாளி அல்ல. இதைக் குடிவரவுத் திணைக்களமே தன் விளக்கத்தில் சொல்கிறது. அதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்கிறது: கடிதம் நல்லெண்ணத்தோடு எழுதப்பட வேண்டும், அதிலுள்ள விவரங்கள் உண்மையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். குடிவரவு நிலை என்பது ஆளுக்கு ஆள் தனித்தனி. தம்பி அகதிக் கோரிக்கை வைத்தாலும், விசாவை நீட்டினாலும், இங்கே ஒருவரைக் கலியாணம் கட்டினாலும் அக்காவின் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ அசையாது. கூப்பிட்டவர் ஸ்ரூடன்ற் விசாவில் இருக்கும் மகனாக இருந்தாலும், வேலை அனுமதியில் இருக்கும் மருமகளாக இருந்தாலும் இதேதான். அவர்களுடைய அனுமதி அவர்களுடைய கோப்பில்தான் இருக்கிறது.

பிறகு ஏன் இவ்வளவு பயம்? காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் சனத்தில் பாதிப் பேர் யாரையாவது இங்கே நிரந்தரமாகக் குடியேற ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டவர்கள், அல்லது ஸ்பொன்சரில் வந்தவர்கள். அந்தக் கையெழுத்து உண்மையிலேயே கனமானது. கணவனையோ மனைவியையோ ஸ்பொன்சர் செய்தால் 3 வருடப் பொறுப்பு. பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் என்றால் கியூபெக் தவிர்ந்த இடங்களில் 20 வருடம். 2014 தொடக்கத்துக்கு முன்னர் அது 10 வருடமாக இருந்தது. அந்தக் காலத்துக்குள் கூப்பிடப்பட்டவர் வெல்ஃபெயர் என்ற அரசாங்க உதவிப் பணம் எடுத்தால், எடுத்த காசைக் கூப்பிட்டவர் திருப்பிக் கட்ட வேண்டும். விவாகரத்து ஆனாலும், வேலை போனாலும், வந்தவர் குடியுரிமையே எடுத்துவிட்டாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. ஒன்ராறியோவில் இப்படிக் கடன் ஏறிய சில ஸ்பொன்சர்கள், தங்கள் நிலைமையைப் பார்க்காமல் அரசாங்கம் வசூலிக்கக்கூடாது என்று வழக்காடி உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2011 ஜூனில் தீர்ப்பு வந்தது. கடன் கடன்தான், அரசாங்கம் அதை மன்னித்துவிட முடியாது; வசூலிக்கும் முன்னர் அவர்கள் பக்கத்தைக் கேட்க வேண்டும், தேவையானால் தவணை கொடுக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. கட்டாமல் விட்டால் அவர் அடுத்த ஆளை ஸ்பொன்சர் செய்யவும் முடியாது.

இந்தக் கதைகள் வீடு வீடாகத் தெரியும். அதனால் கையெழுத்துப் போட்ட எந்தத் தாளைக் கண்டாலும் அந்த 20 வருடம்தான் கண்முன் வருகிறது. அழைப்புக் கடிதம் அந்த வகையில் சேராது. அதில் உங்கள் பெயர், பிறந்த திகதி, முகவரி, வேலை, நீங்கள் குடியுரிமை உள்ளவரா நிரந்தர வதிவிடம் உள்ளவரா என்பது, வீட்டில் எத்தனை பேர், வருகிறவர் உங்களுக்கு என்ன உறவு, எதற்கு வருகிறார், எவ்வளவு காலம், எங்கே தங்குவார், செலவு யாருடையது என்பவை இருக்கும். வீட்டாரின் எண்ணிக்கையில், நீங்கள் முன்னர் ஸ்பொன்சர் செய்து இன்னும் பொறுப்புக் காலம் முடியாதவர்களையும் சேர்க்கச் சொல்வார்கள். விசா உத்தியோகத்தர் இதைப் படித்து, வருகிறவருக்கு உண்மையிலேயே ஒரு வீடும் சாப்பாடும் காத்திருக்கிறதா என்று பார்க்கிறார். உங்களிடமிருந்து கடன் உறுதி வாங்குவதில்லை.

பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்குமான சூப்பர் விசாவில் கடிதம் கொஞ்சம் அழுத்தமானது. 2011 டிசம்பரில் தொடங்கிய இந்த விசாவில், 2022 ஜூலையிலிருந்து ஒரு தடவை வந்தால் 5 வருடம் வரை நிற்கலாம். பிள்ளையோ பேரப்பிள்ளையோ குறிப்பிட்ட அளவு வருமானத்தைக் காட்டி, தங்கும் காலம் முழுக்கப் பார்த்துக்கொள்வேன் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். குறைந்தது 1,00,000 டொலருக்கு மருத்துவக் காப்புறுதியும் எடுக்க வேண்டும். ஆனாலும் இது அந்த 20 வருட ஸ்பொன்சர் ஒப்பந்தம் அல்ல.

எனக்கு மனவருத்தம் தருவது இந்தப் பயம் செய்கிற வேலை. சட்டம் தொடாத அக்காவைக் காப்பாற்ற என்று நினைத்து, சட்டத்தின் முன் நிற்கப்போகும் தம்பியைக் குடும்பமே சேர்ந்து கெடுத்துவிடுகிறது.

ஒரு அலுவலகத்தில் நடந்ததை, ஆட்களை அடையாளம் காண முடியாதபடி மாற்றிச் சொல்கிறேன். முப்பது வயது தாண்டிய ஒருவர், இலங்கையின் வடக்கிலிருந்து வந்தவர். அக்கா கடிதம் கொடுத்துத்தான் வந்தார், அக்கா வீட்டில்தான் தங்கினார். கேஸ் கொடுக்கப்போகிறேன் என்றதும் அத்தான் ஒரே நிபந்தனை போட்டார்: எங்கள் பெயர் எங்கேயும் வரக்கூடாது. அதனால் படிவத்தில் ஒரு சிநேகிதனின் பேஸ்மென்ற் முகவரி. யாரிடம் வந்தீர்கள் என்றால் தெரிந்த ஒருவரிடம். ரிக்கற் காசு யார் கொடுத்தது என்றால் தான் சேர்த்து வைத்தது. ஒவ்வொரு பதிலையும் சொல்லும் முன்னர் அவர் ஒருதரம் அத்தானின் முகத்தைப் பார்ப்பார். லோயர் பேனையை மேசையில் வைத்துவிட்டு அத்தானை வெளியில் போய் இருக்கச் சொன்னார். பிறகு என்னிடம், "இதை அவருக்கு வடிவாகச் சொல்லுங்கள்" என்றார்.

லோயர் சொன்னதைத்தான் நான் தமிழில் சொன்னேன். விசா விண்ணப்பம் அரசாங்கத்திடம் இருக்கிறது. அக்காவின் கடிதம், அவருடைய வேலைக் கடிதம், வருமான வரித் தாள் எல்லாம் அந்தக் கோப்பில் கிடக்கிறது. கேஸ், அகதிக் கோரிக்கைகளைத் தீர்மானிக்கும் குடிவரவு அகதிகள் சபைக்குப் போகும்போது அதுவும் விசாரணை மேசைக்கு வரலாம். அங்கே கேஸைத் தீர்மானிக்கும் சபை உறுப்பினர் கேட்பார்: அக்காவைப் பற்றி ஏன் சொல்லவில்லை? இப்படி ஒரு சின்ன விஷயத்தில் உண்மையை மறைத்தவர், தன்னைப் பிடித்துக்கொண்டு போய் அடித்தார்கள் என்று சொல்வதை நான் ஏன் நம்ப வேண்டும்? அகதி வழக்குகள் பல, நடந்த கொடுமை போதாது என்பதற்காகத் தோற்பதில்லை. சொன்னவரை நம்ப முடியவில்லை என்பதற்காகத்தான் தோற்கின்றன.

முகவரியில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அழைப்பாணைகள் நீங்கள் கொடுத்த முகவரிக்குத்தான் வரும். தம்பி அக்கா வீட்டில் தூங்க, கடிதம் சிநேகிதனின் தபால் பெட்டியில் கிடந்தால், விசாரணைத் திகதி கடந்து போகலாம். வராதவரின் கோரிக்கை கைவிடப்பட்டதாக முடிக்கப்படும் நிலை வரும். ஏன் வரவில்லை என்று விளக்க ஒரு சந்தர்ப்பம் தருவார்கள், ஆனால் அதில் தப்புவது சுலபம் இல்லை. இவ்வளவும் அக்காவுக்கு வராத ஒரு பிரச்சினையைத் தடுப்பதற்காக.

அந்த மனிதர் அன்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார், அக்காவின் பெயரோடு. சொல்லி முடித்தபோது வந்ததைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

சரி, கூப்பிட்டவருக்கு ஒருபோதும் எதுவும் வராதா? வரக்கூடிய இடங்கள் சில இருக்கின்றன. அவை சனம் பயப்படும் இடத்தில் இல்லை.

முதலாவது பொய். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் ஏஜென்சி ஒரு மாதிரிக் கடிதத்தை அனுப்பி, இதை அப்படியே அடித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்கிறது. இல்லாத கலியாணம், இல்லாத உறவுமுறை, கூட்டி எழுதிய சம்பளம் எல்லாம் அதில் இருக்கலாம். சத்தியக் கடதாசியாக, சத்தியம் எடுக்கும் கொமிஷனர் முன்னால் கையெழுத்து வைத்தால் இன்னும் மோசம். குடிவரவு விஷயத்தில் தெரிந்துகொண்டே பொய்த் தகவல் கொடுப்பது கனடாவின் குடிவரவுச் சட்டத்தில் தனிக் குற்றம். கூடியபட்சத் தண்டனை 1,00,000 டொலர் அபராதம், அல்லது 5 வருடச் சிறை, அல்லது இரண்டும். கூப்பிட்டவர் இன்னும் குடியுரிமை எடுக்காதவர் என்றால் அவருடைய நிரந்தர வதிவிடமே கேள்விக்குள்ளாகலாம். அழைப்புக் கடிதத்துக்காக உறவினர் ஒருவர் நீதிமன்றம் ஏறியதை நான் இருந்த அலுவலகங்களில் கண்டதில்லை. ஆனால் சட்டம் இருக்கிறது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம். அகதிக் கோரிக்கை வைத்தவர் கனடாவுக்குள் வருவதற்காகச் சொன்ன பொய்க்கு, கோரிக்கை முடிவாகும் வரை அவர்மேல் வழக்குப் போட முடியாது. பாதுகாப்புக் கிடைத்துவிட்டால் பிறகும் முடியாது. உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் நேர் வழியில் வர முடியாமல் போகலாம் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது, அது நியாயம். அந்தப் பாதுகாப்பு அவருக்கு மட்டும்தான். அவருக்காகப் பொய் எழுதிக் கொடுத்த உறவினருக்கு அது எழுதப்படவில்லை. அதனால் தம்பி வந்ததும் கேஸ் கொடுக்கப்போகிறார் என்று முதலே தெரிந்திருந்தால், "கலியாணம் முடிந்ததும் திரும்பிப் போய்விடுவார்" என்று உங்கள் கையால் எழுதாதீர்கள். அவர் மனம் பிறகு மாறினால் அது உங்கள் பொய் ஆகாது. நாட்டில் புதிதாக ஏதாவது நடந்து மாறலாம், இங்கே வந்து வாய்விட்டுப் பேசின பிறகும் மாறலாம். இரண்டையும் கண்டிருக்கிறேன்.

ஏஜென்சிகள் விரும்பிச் சேர்க்கும் இன்னொரு வசனம், "இவர் திரும்பிப் போவதற்கு நான் முழு உத்தரவாதம்." அதை வெட்டிவிடுங்கள். இன்னொருவருடைய மனதுக்கு நீங்கள் உத்தரவாதம் கொடுக்க முடியாது, யாரும் அதைக் கேட்கவும் இல்லை. கடிதத்தின் பிரதியையும், முடிந்தால் உங்கள் கடிதத்தோடு சேர்த்துப் போன முழு விண்ணப்பத்தின் பிரதியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உண்மைக் கடிதத்தோடு ஏஜென்சி கள்ள வங்கிக் கடிதம் ஒன்றைச் சேர்த்து அனுப்பியிருந்தால், நீங்கள் எழுதியது எது என்று காட்ட அது வேண்டும்.

இரண்டாவது வேலை. வந்தவரை நம்முடைய கடையில், சமையலறையில், கட்டட வேலையில் "சும்மா உதவிக்கு" நிறுத்துவது. வேலை அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைப்பது வைத்தவரின் குற்றம். 50,000 டொலர் அபராதமோ 2 வருடச் சிறையோ, இரண்டுமோ வரை போகலாம். கையில் காசு கொடுத்தேன், கணக்கில் இல்லை என்பது உதவாது. அவருக்கு அனுமதி இருக்கிறதா என்று விசாரித்துப் பார்க்காதவர், தெரியாது என்று சொல்லித் தப்பவும் முடியாது. அம்மா வந்து பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வது வேறு. சம்பளம் இல்லாமல் சொந்தக் குடும்பத்துக்கு அப்படி உதவுவதைத் திணைக்களம் வேலையாக எடுப்பதில்லை, அதற்குத் தாய் மகளுக்குப் பிள்ளை பார்க்க உதவுவதைத்தான் உதாரணமாகவும் சொல்கிறது. அகதிக் கோரிக்கை வைத்தவர் மருத்துவப் பரிசோதனை முடித்து வேலை அனுமதி எடுக்கலாம். அது வரும் வரை பொறுங்கள்.

மூன்றாவது ஆஸ்பத்திரி. விசிற்றருக்கு ஓஹிப், அதாவது ஒன்ராறியோ அரசாங்கத்தின் மருத்துவக் காப்புறுதி, கிடையாது. அவசரமாகக் கொண்டு போகும்போது பதிவு மேசையில் ஒரு தாளை நீட்டுவார்கள். பில்லுக்கு நான் பொறுப்பு என்ற வசனம் அதில் இருந்து நீங்கள் கையெழுத்துப் போட்டால், பில் உங்கள் பெயருக்கு வரும். அது அழைப்புக் கடிதத்தால் வந்தது அல்ல, அந்தத் தாளால் வந்தது. வருகிறவருக்கு விசா என்னவாக இருந்தாலும் காப்புறுதி எடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

சும்மா தங்கிவிடுகிறவர்கள் விஷயம் தனி. விமான நிலையத்தில் வேறு திகதி எழுதாவிட்டால் விசிற்றருக்கு 6 மாதம். அது முடியும் முன்னர் நீட்டக் கேட்கலாம். கேட்டுவிட்டால் பதில் வரும் வரை நிற்கலாம். தவறவிட்டால் 90 நாளுக்குள் நிலையைத் திரும்பப் பெற விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அதுவும் போனால் அவர் நிலை இழந்தவர், அப்போதும் விளைவு அவருக்குத்தான். கூப்பிட்டவர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: எல்லைச் சேவை உத்தியோகத்தர் தேடி வந்தால் வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லி அவர்களைத் தடுக்காதீர்கள், அது உங்கள் குற்றமாகிவிடும். லோயரோடு கதைக்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

"வீட்டில வச்சிருந்தால் ஆள்கடத்தல் எண்டு பிடிப்பாங்களாம்" என்று ஒரு அண்ணை கேட்டார். ஆட்களைக் கள்ளமாக நாட்டுக்குள் கொண்டுவருவதைத்தான் அவர் சொல்கிறார். இந்தப் பயத்துக்கு வேர் எங்கே என்று எனக்குத் தெரியும். 2009இல் 76 தமிழரோடு ஓஷன் லேடி என்ற கப்பல் வந்தது, 2010இல் சன் சீ என்ற கப்பல். அப்போது ஆள்கடத்தல் என்ற சொல் எங்கள் சனத்தின் மேல் தாராளமாக வீசப்பட்டது. ஆனால் அதே ஓஷன் லேடி வழக்கில்தான், 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைக் கொடுத்தது: மனிதாபிமானத்தோடு உதவுகிறவரையும், சொந்தக் குடும்பத்துக்கு உதவுகிறவரையும், ஒருவருக்கொருவர் உதவும் அகதிகளையும் ஆள்கடத்தல்காரராகத் தண்டிக்க இடம் தரும் அளவுக்கு அந்தச் சட்டப்பிரிவு அரசமைப்புக்கு முரண். எங்களவர்கள் ஏறி வந்த ஒரு கப்பலிலிருந்து பிறந்த தீர்ப்பு இது. இதை எங்கள் வீடுகளில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். கோரிக்கை வைத்த தம்பி, முடிவு வரும் வரை இங்கே சட்டப்படி நிற்கிறார். அவருக்குக் கட்டிலும் சாப்பாடும் கொடுப்பதில் ஒளிக்க எதுவும் இல்லை.

உண்மையில் பாதிக்கப்படக்கூடியவர் வேறொருவர், அவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அடுத்ததாக விசாவுக்குப் போடப்போகும் அம்மா. அல்லது ஊரில் இருக்கும் தங்கச்சி. விசா உத்தியோகத்தர் பார்க்க வேண்டிய முதல் விஷயம், இவர் திரும்பிப் போவாரா என்பது. குடும்ப விவரப் படிவத்தில் பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எழுத வேண்டும். போன தடவை இதே அக்காவின் கடிதத்தில் வந்த தம்பி இப்போது கனடாவில் என்றால், கேள்வி வரத்தான் செய்யும். இந்த வீட்டிலிருந்து இனி யாருக்கும் விசா இல்லை என்று ஒரு சட்டமும் கிடையாது. ஆனால் விளக்க வேண்டிய சுமை ஏறிவிடுகிறது.

அதை மறைத்துச் சமாளிக்கப் பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் கெட்ட வழி. தம்பியிடம் அனுமதி கேளுங்கள், அவருடைய லோயரிடமும் கேளுங்கள், ஏனென்றால் அகதிக் கோரிக்கை இரகசியமானது, அதை வெளியே எடுக்கும் உரிமை அவருடையது. அவர்கள் சம்மதித்தால் கடிதத்தில் நேராகவே எழுதலாம்: என் தம்பி முன்னர் என் அழைப்பில் வந்தார், அவருடைய விஷயம் சட்டப்படி நடக்கிறது. அதன்பிறகு அம்மா ஏன் திரும்பிப் போவார் என்பதற்கு இடத்தைக் கொடுங்கள். ஊரில் இருக்கும் மற்றப் பிள்ளைகள், வீடு வளவு, ஓய்வூதியம், முன்னர் வெளிநாடு போய்த் திரும்பியிருந்தால் அந்தப் பாஸ்போட் பக்கங்கள். மறுத்துவிட்டால் உடனே அதே தாள்களைத் திரும்பப் போடாதீர்கள். உத்தியோகத்தர் கோப்பில் எழுதி வைத்த குறிப்புகளைத் தகவல் அறியும் சட்டத்தில் 5 டொலர் கட்டி எடுக்கலாம். அம்மா கையெழுத்திட்ட சம்மதப் படிவம் இருந்தால், கனடாவில் இருக்கும் நீங்களே அதைக் கேட்கலாம். தம்பியின் விஷயம்தான் காரணமா, வங்கிக் கணக்கா, வேறு ஏதாவதா என்று அதில் பார்த்த பிறகு அடுத்த கடிதத்தை எழுதுங்கள்.